கருப்புச் சட்டமும் வெள்ளைச் சுண்ணாம்பும்: பூப்பாறைச் சாலையின் ‘துரைக் கடை’

போடிமெட்டில் ஏறிப் பூப்பாறை வழியாக மூணாறு செல்லும் சாலையில், ஏலக்காய்த் தோட்டங்கள் முடிந்து தேயிலை தொடங்கும் பக்கத்தில், ஒரு சிறிய கடைத்தெரு இருக்கிறது. அந்தத் தெருவின் வளைவில், இரண்டு கான்கிரீட் மாடிகளுக்கு நடுவே, கூரிய முக்கோண முகப்பும் கருப்பு மரச்சட்டங்களும் அவற்றுக்கு இடையே வெள்ளைப் பூச்சுமாக ஒரு பழைய கடை நிற்கிறது. கடைக்கு இப்போது புதுப் பெயர்ப்பலகை வைத்திருந்தாலும், தோட்டத்து மக்கள் அதை இன்றும் ‘துரைக் கடை’ என்றே சொல்கிறார்கள். ஏறத்தாழ ஓர் ஆண்டு மூடிக் கிடந்து, பழுது பார்க்கப்பட்டு, ஒரு பக்கம் தேயிலை, ஏலக்காய், மிளகு விற்பனையும் மறுபக்கம் தேநீரும் கேக்குமாக அது மறுபடியும் திறந்திருக்கிறது. நான் இரண்டு முறை போய், இரண்டாம் முறை காலையிலிருந்து கடை அடைக்கும் வரை அங்கேயே இருந்து பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

தேநீரைப் பற்றியும் சொல்வேன். ஆனால் முதலில் கட்டடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் கடைக்குப் போவதற்கான காரணமே அதுதான். நான் முப்பத்தோரு ஆண்டுகள் டிராப்ட்ஸ்மேனாக வேலை பார்த்தவன். என் தந்தை போடியில் தச்சு வேலை செய்தவர்; மலை மேல் தோட்ட பங்களாக்களில் நிலை, சன்னல், மாடிப்படி வேலைக்கு ஆண்டில் பாதி நாள் போய்விடுவார். ஆகவே மரத்தால் ஆன ஒரு முகப்பைப் பார்த்தால் என் கண் முதலில் இணைப்பைத்தான் தேடும்.

இந்த முகப்பு எந்த மரபைச் சேர்ந்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் கடையின் மதிப்பு விளங்கும். இங்கிலாந்தை 1485 முதல் 1603 வரை ஆண்ட டியூடர் அரச மரபின் காலத்தில் அந்நாட்டு ஊர்களில் வீடுகளும் கடைகளும் ஓக் மரச் சட்டங்களால் எழுப்பப்பட்டன. தச்சர்கள் தங்கள் களத்தில் தரையிலேயே சட்டம் முழுவதையும் பூட்டிப் பார்த்து, எந்த மரம் எதனோடு சேர வேண்டும் என்பதற்கு உளியால் ரோமன் எண்களைக் கீறி, பிறகு பிரித்து எடுத்துப் போய் மனையில் மறுபடி பூட்டுவார்கள். ஒரு மரத்தில் துளையிட்டு மற்றதன் நாக்கை அதில் செருகி, குறுக்கே மர ஆணி அடித்து இறுக்குவதே அந்த இணைப்பு. சட்டங்களுக்கு நடுவில் உள்ள கட்டங்களில் மிலாறுகளைப் பின்னி, மண்ணும் சாணமும் வைக்கோலும் குழைத்து அப்புவார்கள். நம் ஊர் வரிச்சுச் சுவருக்கும் அதற்கும் செய்முறையில் பெரிய வேறுபாடு இல்லை. மேல்மாடி கீழ்த்தளத்தைவிட ஓரிரு அடி தெருப்பக்கம் நீண்டு நிற்கும். இன்று நாம் டியூடர் என்றவுடன் நினைக்கும் கருப்பு வெள்ளை நிறம்கூடப் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவிய வழக்கம்தான். அதற்கு முன் பல இடங்களில் ஓக் மரத்தை அதன் சாம்பல் நிறத்திலேயே விட்டுவிடுவார்கள், அல்லது மரத்துக்கும் சுவருக்கும் சேர்த்தே சுண்ணாம்பு அடிப்பார்கள். செஸ்டர் நகரத்துக் கடைவீதியில் புகழ்பெற்ற கருப்பு வெள்ளை முகப்புகளில் பலவும் விக்டோரியா காலத்தில் எழுந்தவையே.

முதல் உலகப் போர் முடிந்த 1918-க்கும் இரண்டாவது போர் தொடங்கிய 1939-க்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் இந்தப் பாணி மறுபடியும் பெருகியது. இலட்சக்கணக்கான இளைஞர்களைப் போரில் பறிகொடுத்த ஒரு தலைமுறை, தன் தாத்தா காலத்து ஊர் எப்படி இருந்ததோ அப்படி ஒரு தெருவைப் பார்க்க ஆசைப்பட்டது. புறநகர் வீடுகள், மதுக்கடைகள், வரிசைக் கடைகள் என்று எங்கும் கருப்புச் சட்டங்கள் ஏறின. ஆனால் இம்முறை பாரத்தைத் தாங்கியது செங்கல் சுவர் அல்லது எஃகு. முன்னால் தெரிந்தது பெரும்பாலும் ஓர் அங்குலக் கனமுள்ள பலகை. கட்டடக் கலை அறிந்தவர்கள் இதைப் போலி என்று ஒதுக்கினார்கள். அந்தச் சொல் நெடுங்காலம் நிலைத்துவிட்டதால், இந்தக் காலத்துக் கடைக் கட்டடங்களுக்கு மரபு மதிப்பு உண்டா என்ற கேள்வியே பலருக்கு எழவில்லை. பழையது என்று சொன்னால் அவ்வளவு பழையதும் இல்லை, புதியது என்று சொன்னால் புதுமையும் இல்லை என்று இரண்டு பக்கமும் கைவிடப்பட்ட கட்டடங்கள் இவை.

இவற்றில் தலைசிறந்தது என்று சொல்லத்தக்கது லண்டன் கிரேட் மார்ல்பரோ தெருவில் உள்ள லிபர்ட்டி கடை. ஆர்தர் லேசன்பி லிபர்ட்டி என்பவர் 1875-ல் தொடங்கிய துணிக்கடை அது. கிழக்கு நாடுகளின் பட்டும் கைவினைப் பொருள்களும்தான் அதன் சரக்கு, முதல் கடைக்கு அவர் வைத்த பெயரே ‘ஈஸ்ட் இந்தியா ஹவுஸ்’. இப்போதுள்ள டியூடர் கட்டடம் அவர் 1917-ல் மறைந்த பிறகு, 1924-ல் எழுந்தது. எட்வின் ஹால் என்பவரும் அவருடைய மகனும் வடிவமைத்தார்கள். அதன் மரம் இரண்டு பழைய போர்க்கப்பல்களை உடைத்து எடுத்தது: ஒன்று இம்ப்ரெக்னபிள், மற்றொன்று 1841-ல் நீரில் இறக்கப்பட்ட இந்துஸ்தான். 24,000 கன அடிக்கும் மேலான கப்பல் மரம் அந்தக் கடைக்குள் போயிருக்கிறது. கப்பல்களின் மேல்தளப் பலகைகள்தான் கடையின் தரை. ரீஜன்ட் தெருவில் பழைய கிரேக்க, ரோமானியக் கட்டடங்களைப் பின்பற்றும் செந்நெறிப் பாணியில்தான் கட்ட வேண்டும் என்ற கட்டாயம் இருந்ததால், அந்தத் தெருவைப் பார்த்துக் கல் முகப்புடன் ஒரு கட்டடமும், பின்னால் பக்கத்துத் தெருவில் மர முகப்புடன் இந்தக் கட்டடமுமாக இரண்டையும் கட்டி, நடுவில் ஒரு பாலத்தால் இணைத்தார்கள். நிக்கோலஸ் பெவ்ஸ்னர் போன்ற பெரிய கட்டட வரலாற்று அறிஞர் அதன் அளவு, சமச்சீர், செந்நெறி முகப்புக்குப் பக்கத்தில் அது நிற்பது எல்லாமே தவறு என்று கடுமையாக எழுதினார். அப்படியிருந்தும் இன்று அது பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் ‘கிரேடு II*’ என்ற தரத்தில் இருக்கிறது.

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்தக் கடையின் மாடிப்படியில் கைவைத்து நின்றிருக்கிறேன். கைப்பிடி மரத்தில் ஒரு பழைய ஆணித்துளையை வேறு மரம் வைத்து அடைத்திருந்தார்கள். கப்பலில் அந்த ஆணி எதைப் பிடித்திருந்ததோ என்று விரலை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். விற்பனைப் பெண் ஏதேனும் வேண்டுமா என்று இரண்டு முறை கேட்டார். அந்தப் பாணி வெறும் நாடகம் என்று எவர் சொன்னாலும், அந்த மரம் தன் இரண்டாவது வாழ்க்கையில் உண்மையாகவே நூறு ஆண்டு உழைத்திருக்கிறது.

அதே 1924-ல்தான் நம் மலையில் பெருவெள்ளம் வந்தது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்று மலையாளத்தில் சொல்வார்கள். எங்கள் பக்கத்துக் கிழவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஓடிக்கொண்டிருந்த குண்டலை பள்ளத்தாக்குச் சிறு ரயில் அந்த வெள்ளத்தில் அழிந்தது, பிறகு எழவே இல்லை. அதுவரை தேயிலை அந்த ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வரும். 1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. 1935-ல் நேரியமங்கலம் பாலம் திறக்கப்பட்டு மூணாற்றுக்குக் கொச்சிப் பக்கமிருந்தும் நல்ல சாலை கிடைத்தது. இப்படி வழிகள் மாறி, சரக்கு மாறி, வெள்ளத்துக்குப் பின் கடைத்தெருக்கள் மறுபடி எழுந்த அந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பிறந்ததுதான் இந்தத் துரைக் கடை. தோட்டத்து மேலாளர்களுக்கு டின் பிஸ்கட்டும் ஜாமும் மண்ணெண்ணெய் விளக்கும் விற்பதற்காகக் கட்டப்பட்டது என்று இப்போதைய உரிமையாளர் தம் தாத்தா சொன்னதாகச் சொன்னார்.

முதல் முறை போனபோது, கருப்பு வெள்ளை முகப்பைச் சாலையிலிருந்து பார்த்து, பலகை ஒட்டிய வேலை என்றே நானும் எண்ணினேன். அது பாதி சரி. மேல்மாடி முக்கோணத்தில் உள்ள சட்டங்கள் கருங்கல் சுவரின் மேல் அறையப்பட்ட பலகைகள்தான். பக்கவாட்டுச் சன்னலருகே சென்று பார்த்தால் கனம் ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் இல்லை. சட்டங்கள் சந்திக்கும் இடங்களில் மர ஆணித் தலைகள் துருத்திக்கொண்டிருக்கின்றன, ஆனால் அவை எதையும் பூட்டவில்லை. பலகையின் பரப்பு மட்டும் இழைப்புளி போடாமல் மரம் செதுக்கும் வாச்சியால் செதுக்கப்பட்டிருக்கிறது; மாலை வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு வெட்டும் மீன் செதில் மாதிரி தனித்தனியாகத் தெரிகிறது. பழைய மரம் போலத் தோன்ற வேண்டும் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். வாச்சி பிடித்த தச்சர் கேட்டபடி செய்து கொடுத்திருக்கிறார்.

ஆனால் மேல்மாடி தெருப்பக்கம் இரண்டடி நீண்டு நிற்கிறதே, அதன் அடியில் போய் நின்று அண்ணாந்து பாருங்கள். அங்கே ஐந்து வேங்கை உத்திரங்கள் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து மாடியை உண்மையாகவே தாங்குகின்றன. ஒவ்வொன்றின் முனையும் வாழைப்பூவாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. மடல் மடலாக, நுனி கீழ்நோக்கி, மூன்றாவது உத்திரத்தில் ஒரு மடல் இலேசாக விரிந்திருக்கும்படி. இங்கிலாந்தில் அந்த இடத்தில் எதைச் செதுக்குவார்களோ, அதற்கான வரைபடம் இவருக்குக் கிடைத்திருக்காது, அல்லது கிடைத்தும் இவர் அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார். தூணின் உச்சியில் உத்திரத்தைத் தாங்கும் போதிகையில் வாழைப்பூ வைத்துப் பழகிய கை, தெருவுக்கு மேல் தொங்கும் உத்திர முனையிலும் அதையே வைத்துவிட்டது. ஐந்து பூக்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க எனக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது.

இரண்டாவது உத்திரத்தின் பக்கத்தில் நான்கு நேர்க்கோடுகள் ஆழமாக வெட்டப்பட்டிருந்தன. தச்சர் போட்ட கணக்குக் கோடு, நான்காவது மரம் என்று குறித்திருப்பார் என்று நினைத்தேன். ஆனால் அது இரண்டாவது உத்திரம். உரிமையாளர் வீட்டில் இருக்கும் பழைய ஆவணத்தில் கட்டடம் கொல்லம் ஆண்டு 1111-ல் முடிந்ததாக எழுதியிருக்கிறது என்று அவர் சொன்ன பிறகுதான் விளங்கியது, அந்த நான்கு கோடும் நான்கு ஒன்றுகள். அதாவது 1935 ஆவணிக்கும் 1936 ஆடிக்கும் இடைப்பட்ட ஆண்டு.

இந்தக் கடையில் நான் மிகவும் உயர்வாக மதிப்பது அதன் பலகைக் கதவு. நம் ஊர்ப் பழைய மளிகைக் கடைகளில் இருந்ததைப் போல, மேலும் கீழும் உள்ள காடியில் ஒவ்வொரு பலகையாகச் செருகி அடைக்கும் கதவு. பதினான்கு பலகைகள். ஒவ்வொன்றின் உட்பக்கத்திலும் தலைப்பகுதியில் உளியால் தமிழ் எண் வெட்டப்பட்டிருக்கிறது: ௧, ௨, ௩ என்று தொடங்கி, பத்துக்கு ௰, பதினொன்றுக்கு ௰௧ என்று பழைய முறையில். ஒரு பலகை இடம் மாறினாலும் காடியில் இறங்காது என்பதால் எண் அவசியம். இங்கிலாந்துத் தச்சர் ரோமன் எண் கீறியதும் இவர் தமிழ் எண் வெட்டியதும் ஒரே தேவைக்காகத்தான். முகப்பின் வடிவம் கடல் கடந்து வந்தது. அதைப் பூட்டி நிறுத்திய அறிவு இங்கேயே இருந்தது. இரண்டும் ஒரே கட்டடத்தில் இப்படிக் கண்ணுக்குத் தெரியும்படி பதிந்திருப்பதால்தான் இதை நான் மரபுக் கட்டடம் என்று அழுத்திச் சொல்கிறேன். டியூடர் மாதிரி இருக்கிறது என்பதற்காக அல்ல.

ஏழாவது பலகை மட்டும் இல்லை. அந்த இடத்தில் ஒரு ப்ளைவுட் துண்டு செருகப்பட்டு, பெயின்ட்டால் 7 என்று எழுதியிருக்கிறது.

பழுது பார்த்த வேலையில் பாராட்ட வேண்டியவையும் உண்டு, வருந்த வேண்டியவையும் உண்டு. முக்கோண முகப்பை முழுவதும் மறைத்துக்கொண்டிருந்த செல்போன் விளம்பர ஃபிளெக்ஸைக் கழற்றிவிட்டார்கள். அதற்காகவே உரிமையாளருக்கு நன்றி சொன்னேன், ஏனென்றால் அந்த வாடகையை வேண்டாம் என்று சொல்வது சிறிய கடைக்கு எளிதல்ல. மங்களூர் ஓடுகளில் உடையாதவற்றைப் பொறுக்கி முன்பக்கச் சரிவில் போட்டு, பின்பக்கத்துக்கு மட்டும் புதிய ஓடு வாங்கியிருக்கிறார்கள். இது தெரிந்து செய்த நல்ல வேலை. உள்ளே பழைய கல்லாப் பெட்டியும், தேயிலைப் பெட்டிகளை அடுக்கும் மர அலமாரியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

ஆனால் சட்டங்களுக்கு இடையே இருந்த சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு சிமென்ட் பூசியிருக்கிறார்கள். இது தவறு, அதுவும் இந்த மலையில் பெரிய தவறு. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெயில் வந்தால் திருப்பி விட்டுவிடும். சிமென்ட் அப்படி விடாது. அது காய்ந்து சுருங்கும்போது மரத்துக்கும் பூச்சுக்கும் நடுவே ஒரு மயிரிழை விரிசல் விழும், ஜூன் முதல் பெய்யும் மழை அந்த விரிசலில் இறங்கி வெளியே வர வழியில்லாமல் மரத்தின் முதுகில் தங்கும். அதற்கு மேல் மரத்துக்குப் பளபளப்பான எனாமல் பெயின்ட் அடித்திருப்பதால் மரமும் மூச்சு விட முடியாது. தெற்கு மூலையில் கீழ்ச் சட்டத்தை விரல் நகத்தால் அழுத்திப் பார்த்தேன். பெயின்ட் கெட்டியாக இருந்தது, உள்ளே மரம் ரொட்டி போல அமுங்கியது. திறந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. சிமென்ட்டைத் தட்டிவிட்டு, நன்றாகப் புளித்த சுண்ணாம்பும் மணலும் சேர்த்துப் பூசி, மரத்துக்கு எனாமலைச் சுரண்டிவிட்டு ஆளிவிதை எண்ணெய் போட்டால் அந்த முகப்பு இன்னும் ஐம்பது ஆண்டு நிற்கும். வேலை செய்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. சுண்ணாம்பு பூசத் தெரிந்த கொத்தனார் இன்று தேனியிலும் கிடைப்பது அரிது. ஆனால் அறவே கிடைக்காமல் போய்விடவில்லை.

தேநீர் அறையில் ஜிப்சம் பலகையால் போலிக் கூரை போட்டு, அதில் சிறு சிறு விளக்குகளைப் பதித்திருக்கிறார்கள். அதற்கு மேலே கைமரங்களும் முகட்டு வளையும் இருக்கின்றன; ஓர் ஓரத்தில் ஆள் நுழையும் துவாரம் வழியே டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒன்றில்கூடச் செல் அரிக்கவில்லை. இந்தக் கடைக்கு வருகிறவர் தலைக்கு மேலே பார்க்க வேண்டியது அதைத்தான். சமையலறைப் புகைக்குழாய்க்காகப் பக்கச் சுவரின் ஒரு சட்டத்தை அறுத்திருப்பதும் கண்ணை உறுத்துகிறது; ஓரடி தள்ளியிருந்தால் வெறும் பூச்சில் துளை போட்டிருக்கலாம்.

இனித் தேநீர். இருபது ரூபாய்க்கு அவர்கள் தருவது பொடியை நேரே பாலில் கொதிக்க வைக்காமல் தனியாக இறக்கிச் சேர்க்கும் தேநீர். நிறம் செம்பாக, துவர்ப்பு அளவாக இருக்கிறது. பாலில்லாத தேநீர் கேட்டால் இன்னும் நன்றாகத் தருகிறார்கள், மலைத் தேயிலையின் மணம் அதில்தான் தெரிகிறது. வெட்டு கேக் அன்றன்று பொரிக்கிறார்கள். காலை பத்து மணிக்கு மேல் போனால் சூடாகக் கிடைக்கும். பழம்பொரி எண்ணெய் குடித்திருந்தது. பிளம் கேக் வெளியிலிருந்து வாங்கி வைத்தது, அதைத் தவிர்க்கலாம். விற்பனைக்கு வைத்திருக்கும் ஏலக்காயில் எட்டு மில்லிமீட்டர் தரம் என்று எழுதிய பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன், நம்பி வாங்கலாம். போடிச் சந்தை விலையைவிடக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல், அது நியாயம்தான்.

கவனிப்பில் குறையில்லை. கல்லாவில் இருந்த உரிமையாளரின் தாயார், நான் வெகுநேரமாக வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்து, “என்னய்யா, மேல ஏதும் ஒழுகுதா?” என்று கேட்டார். காரணத்தைச் சொன்னதும், “அப்ப உள்ள வந்து உக்காந்து பாருங்க, கழுத்து வலிக்கும்ல” என்று சொல்லி ஒரு நாற்காலியைத் திண்ணை ஓரத்தில் போட்டார். பிறகு மாடிக்கும் அழைத்துச் சென்று காட்டினார். மாடி இன்னும் குடும்பத்தின் வீடாகத்தான் இருக்கிறது. கீழே கடை, மேலே வீடு என்ற அந்தப் பழைய ஏற்பாடு கலையாமல் இருப்பதும் இந்தக் கட்டடத்தின் மதிப்பில் ஒரு பகுதி. லிபர்ட்டி கடையையும் அறை அறையாக, கணப்படுப்புகளோடு, வீடு போலவே உள்ளே அமைத்திருக்கிறார்கள். இங்கே உண்மையான வீடே இருக்கிறது.

இதே தெருவில் இதே காலத்துக் கட்டடம் இன்னொன்றும் இருந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு தங்கும் விடுதிக்காக அதை இடித்தார்கள். அதன் உத்திரங்களை லாரியில் ஏற்றிய நாளில் நான் தற்செயலாக அந்த வழியே வந்தேன். முகப்புப் பலகைகளைச் சாலையோரம் குவித்து, தேநீர்க் கடைக்காரர் அடுப்புக்கு எடுத்துக்கொண்டிருந்தார். அதைத் தடுக்க எந்தச் சட்டமும் கைகொடுத்திருக்காது. நம் நாட்டில் 1958-ல் வந்த தொல்சின்னங்கள் சட்டப்படி பாதுகாப்புக்குக் குறைந்தது நூறு ஆண்டு ஆகியிருக்க வேண்டும். இங்கிலாந்தில் பொதுவாக முப்பது ஆண்டு தாண்டினாலே ஒரு கட்டடத்தைப் பட்டியலில் சேர்க்கலாமா என்று பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். 1935-36-ல் கட்டி முடித்த கடைக்கு நம் சட்டத்தின் நூறு ஆண்டு நிறைய இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. நிறைந்தாலும் ஒரு சிறு கடைத்தெருவின் மளிகைக் கடையைத் தேடி யாரும் வரப்போவதில்லை. ஆகவே இப்போதைக்கு இந்தக் கட்டடத்தின் பாதுகாப்பு என்பது அந்தக் குடும்பத்தின் விருப்பமும், அங்கே போய்த் தேநீர் குடிக்கிறவர்களின் எண்ணிக்கையும்தான்.

தோட்டக்காரத் துரைமார்களின் அடையாளத்தை நாம் ஏன் காக்க வேண்டும் என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். அவர் கேட்பதில் வேதனை இருக்கிறது. அந்தக் கடையின் முன் வாசல் வழியே தோட்டத் தொழிலாளிகள் நுழைய முடியாத காலம் ஒன்று இருந்ததை எங்கள் தலைமுறை பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பின்பக்கத்தில் அவர்களுக்காக வைத்த சிறிய விற்பனைச் சன்னல் இன்னும் இருக்கிறது. அதன் கட்டையில் காசு வைத்து வைத்துத் தேய்ந்த பள்ளம் இருக்கிறது. உரிமையாளர் அதை அடைக்கப் போவதாகச் சொன்னார். அடைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். முகப்பு எவ்வளவு முக்கியமோ அந்தச் சன்னலும் அவ்வளவு முக்கியம். இரண்டையும் பார்த்தால்தான் அந்தக் கடை யாருக்காக எப்படி நடந்தது என்பது தெரியும்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கடை காலை ஏழரைக்குத் திறந்து இரவு எட்டுக்கு அடைக்கிறது, திங்கள் விடுமுறை. வண்டியைத் தெருவின் வளைவில் நிறுத்த வேண்டாம், நூறு அடி மேலே தள்ளி இடம் இருக்கிறது. வாச்சி வெட்டைப் பார்க்க மாலை நான்கு மணிக்கு மேல், மேகம் இல்லாத நாளாகப் பார்த்துப் போக வேண்டும். பலகைக் கதவின் எண்கள் உட்பக்கத்தில் இருப்பதால் பகலில் தெரியாது. பலகைகளைத் திண்ணையில் அடுக்கி வைத்திருப்பார்கள், கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள்.

நான் கிளம்பும்போது ப்ளைவுட் துண்டை வெளியே எடுத்து அளந்துகொண்டேன். ஏழாம் பலகைக்கு வேண்டியது ஆறடி நான்கு அங்குல நீளம், ஒன்பதரை அங்குல அகலம், ஒன்றேகால் அங்குலக் கனம். இரண்டு முனையிலும் காடிக்காக அரை அங்குலம் சீவ வேண்டும். மற்ற பலகைகள் அயினி. போடியில் ஒரு மரவாடியில் பழைய வீட்டு அயினிப் பலகை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், கனம் சரியாக இருந்தால் ஆடி பிறப்பதற்குள் வாங்கிவிடுவேன். எண்ணை வெட்டுவதற்கு என் தந்தையின் முக்கால் அங்குல உளி வீட்டில் இருக்கிறது.